பேராதனை பூங்கா: பூ பாக்க போனா அரை நாள் போதும், மரம் பாக்க போனா ஒரு நாளும் பத்தாது

இலங்கையில கண்டிக்கு டூர் வர்றவங்க லிஸ்ட்ல தலதா மாளிகை (புத்தரோட பல் இருக்கிற கோயில்), வாவி, பேராதனை பூங்கா மூணும் கட்டாயம் இருக்கும். ஆனா பூங்காவுக்குன்னு ஒரு மணி நேரம்தான் ஒதுக்குவாங்க, வேன்ல வந்து இறங்குறது, ஓர்கிட் வீட்டுக்குள்ள நாலு செல்ஃபி, பெரிய மரத்துக்கு கீழ ஒரு குரூப் போட்டோ, டிரைவர் ஹோர்ன் அடிக்கிறதுக்குள்ள ஓடி வந்து ஏறுறது, அவ்ளோதான். அப்புறம் வீட்டுக்கு போய் "பெருசா ஒண்ணுமில்ல, நுவரெலியா விக்டோரியா பார்க்ல இதவிட பூ நிறைய இருக்கு"ன்னு ஒரு கமெண்ட். பூவை எண்ணிப் பாக்கத்தான் வந்தீங்கன்னா அந்த கமெண்ட் சரிதான், நான் சண்டைக்கு வரல. ஆனா இது பூ பாக்குற இடம் கிடையாது. இது மரம் பாக்குற இடம், அதோட எங்க மலையகம், அதாவது தேயிலைத் தோட்ட மலைப்பகுதி, எப்படி இப்படி ஆச்சுங்கிற கதையில பாதி இந்த வேலிக்குள்ளதான் இருக்கு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல இடத்த பத்தி. கண்டி டவுன்ல இருந்து மேற்கால கொழும்பு ரோட்டுல ஆறு கிலோமீட்டர் வரும். ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை பக்கமிருந்து வர்றவங்க கண்டி வரைக்கும் போய் திரும்ப வேண்டியதே இல்ல, பஸ் பேராதனை வழியாத்தான் போகும், அங்கயே இறங்கிக்கலாம். மொத்தம் 147 ஏக்கர், மகாவலி ஆறு மூணு பக்கமும் வளைஞ்சு ஓடுது, அதனால உள்ள எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில ஆத்தங்கரையிலதான் வந்து நிப்பீங்க, வழி தவறிப் போயிட்டோமோன்னு பயப்படவே தேவையில்ல.

நாடு குடியரசு ஆகி 50 வருஷம் தாண்டிடுச்சு, ஆனா ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ்ங்கிற இந்த பூங்கா பேர்ல மட்டும் 'ரோயல்' அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. நிறைய பேரு அது வெள்ளக்காரன் வச்ச பட்டம்னு நினைக்கிறாங்க, வார்த்தை அவங்களோடதா இருக்கலாம், ஆனா அரசர் சமாச்சாரம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தொடங்கிடுச்சு. 1371ல மூன்றாம் விக்கிரமபாகு மன்னர் பேராதனையில ஆத்தங்கரையில அரசவை வச்சிருந்தாருன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் கண்டி ராஜ்ஜியம் காலத்துல கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இத அரச தோட்டமாக்கினாரு, அவருக்கு பிறகு வந்த ராஜாதி ராஜசிங்கன் இங்கயே தங்கியும் இருந்திருக்காரு. இந்த ரெண்டு பேரும் யாருன்னு தெரியுமில்ல? அண்ணன் தம்பி, மதுரை நாயக்கர் வழி. கண்டியோட கடைசி நாலு ராஜாவும் நாயக்கர் வம்சம்தான், அந்த வரிசையில கடைசி ஆளு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பேரு கண்ணுசாமி, 1815ல வெள்ளக்காரன் புடிச்சு அடுத்த வருஷம் வேலூருக்கு அனுப்பி அங்கயே 1832ல செத்துப் போனாரு, வேலூர்ல இன்னைக்கும் அவரு சமாதி முத்து மண்டபத்துல இருக்கு. தமிழ்நாட்டுல இருந்து வர்ற நண்பர்கள்கிட்ட இந்த கதைய சொல்லிப் பாருங்க, அதுவரைக்கும் போன நோண்டிக்கிட்டு இருந்தவங்க கூட "என்னது, மதுரையா?"ன்னு நிமிந்து பாப்பாங்க.

ராஜ்ஜியம் கைமாறின பிறகு 1821ல அலெக்சாண்டர் மூன்ங்கிற வெள்ளக்காரர் இத தாவரவியல் தோட்டமா மாத்த ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி அவங்களோட தோட்டம் கொழும்புல கொம்பனித்தெருவுலயும் அப்புறம் களுத்துறையிலயும் இருந்துச்சு, அங்கருந்துதான் செடியெல்லாம் இங்க வந்துச்சு. மூன் முதல்ல நட்டது என்ன தெரியுமா, கறுவாவும் காப்பியும். ரோசாப்பூ இல்ல. அதாவது தொடக்கத்துல இருந்தே இது காசு பாக்குற தோட்டம், எந்தப் பயிரு இந்த மண்ணுல வரும், எத நட்டா லாபம்னு சோதிச்சுப் பாக்குற இடம். ஆத்துக்கு அந்தப் பக்கம் கன்னொருவையில ஆளுநர் எட்வர்ட் பார்ன்சே சொந்தமா காப்பித் தோட்டம் போட்டாரு. அந்த காப்பிக்கு ஆள் வேணும்னுதான் நம்ம ஆளுங்கள தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்தாங்க, மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்த கதைய சின்ன வயசுல இருந்து கேட்டிருப்பீங்க, அவங்க வந்து 200 வருஷம்னு 2023ல மலையகம் 200ன்னு நினைவு கூர்ந்தமே, அதேதான்.

தேயிலையும் அப்படித்தான். 1824லயே சீனாவுல இருந்து கொண்டு வந்த தேயிலைச் செடிய இந்த பூங்காவுல நட்டுப் பாத்திருக்காங்க, 1839ல அசாம் செடியும் வந்திருக்கு, ஆனா அப்ப யாரும் கண்டுக்கல, காப்பியில கொட்டுற காசு கண்ண மறைச்சிருச்சு. 1867லதான் ஜேம்ஸ் டெய்லர்ங்கிற வெள்ளக்காரர் லூல்கந்துரை தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டாரு. 1869ல காப்பி இலையில துரு மாதிரி மஞ்சள் நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமா காப்பி மொத்தமும் படுத்த பிறகுதான் எல்லாரும் தேயிலைக்கு ஓடினாங்க. அப்ப இங்க தலைவரா இருந்த த்வைட்ஸ்தான் அந்த நோய் புடிச்ச இலைய இங்கிலாந்துக்கு அனுப்பி அது ஒரு பூஞ்சைன்னு கண்டுபிடிக்க வச்சாரு. அவரு காலத்துலதான் ரப்பரும் வந்துச்சு, 1876ல லண்டன் கியூ தோட்டத்துல இருந்து கன்னு வந்து கம்பஹா பக்கம் ஹெனரத்கொட தோட்டத்துல நட்டாங்க, அதுவும் பேராதனை நிர்வாகத்துக்கு கீழ இருந்த தோட்டம்தான். காப்பி, மலேரியா மருந்து எடுக்குற சிங்கோனா மரம், தேயிலை, ரப்பர், எல்லாத்துக்கும் ஒரு நூல் இங்கருந்து போகுது. பள்ளிக்கூட டூர்ல புள்ளைங்கள கூட்டிட்டு வர்ற டீச்சர்மார் இத ஒரு பத்து நிமிஷம் சொன்னா எவ்ளோ நல்லா இருக்கும், பெரும்பாலும் "லைன்ல வா, லைன்ல வா"ன்னு கத்துறதோட முடிஞ்சிடுது.

சரி, உள்ள போவோம்.

கேட்டுக்கு கிட்டவே வாசனைச் சரக்கு தோட்டம் இருக்கு, கறுவா, கராம்பு, ஏலம், மிளகு, சாதிக்காய். எல்லாரும் நேரா ஓர்கிட் வீட்டுக்கு ஓடுறதால இங்க கூட்டம் இருக்காது. சாதிக்காய் மரத்துக்கு கீழ கொஞ்ச நேரம் நின்னு தரையப் பாருங்க, பழம் வெடிச்சு விழுந்து கிடக்கும், மேல வெளிர் மஞ்சள் தோல், உள்ள கொட்டைய சுத்தி சிவப்பு வலை மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும் பாருங்க அதுதான் சாதிபத்திரி. புதுசா விழுந்ததுல அந்த சிவப்பு அவ்ளோ பளிச்சுன்னு இருக்கும், காயக் காய மங்கிப் போயிடும், நம்ம கடையில வாங்குறது அந்த மங்கினதுதான். பிரியாணிக்கு வருஷக்கணக்கா அத போடுறவங்க கூட மரத்த பாத்திருக்க மாட்டாங்க. எடுத்து பையில போட்டுக்காதீங்க, பாத்துட்டு வச்சிடுங்க.

ஓர்கிட் வீடு நல்லா இருக்கு, பராமரிப்பு சுத்தம், எப்ப போனாலும் ஏதாவது ஒண்ணு பூத்துக்கிட்டு இருக்கும், ஆனா சனி ஞாயிறுல அந்த சின்ன இடத்துக்குள்ள ஆளுக்கு ஆள் இடிச்சுக்கிட்டு நிக்கணும். வேற என்ன சொல்ல, ஓர்கிட் ஓர்கிட்தான்.

பனை வரிசைங்கதான் இந்த பூங்காவோட உண்மையான கெத்து. மூணு இருக்கு. ரோயல் பாம் வரிசை 1950ல நட்டது, சிமெண்ட் தூண் மாதிரி வழுவழுன்னு நேரா நிக்கும், கல்யாண போட்டோக்காரங்க எல்லாம் இங்கதான். கேபேஜ் பாம் வரிசை 1905. எல்லாத்துக்கும் மூத்தது 1887ல நட்ட வரிசை, அது என்ன மரம்னா நம்ம பனைமரமேதான், யாழ்ப்பாணத்து பனை. யாழ்ப்பாணத்துல இருந்து என் கூட வந்த ஒரு நண்பர் "இத பாக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தனான்?"னு கேட்டாரு, ஆனா அவரே அங்கதான் ரொம்ப நேரம் நின்னாரு, வேலியோரமா தானா முளைச்சு நிக்கிற மரத்த இப்படி ரெண்டு பக்கமும் அணிவகுத்து நிக்க வச்சு மரியாதை குடுத்திருக்கிறத பாத்தா யாருக்குத்தான் புடிக்காது. தாளிப்பனையும் இருக்கு, அது 30, 40 வருஷம், சிலது அதுக்கும் மேல சும்மா இலை மட்டும் விட்டுக்கிட்டு இருந்துட்டு ஒரே ஒரு தடவை உச்சியில கோபுரம் மாதிரி பூத்து காய்ச்சு அதோட செத்துடும். நீங்க போற நேரம் ஒண்ணு பூத்திருந்தா லொட்டரி விழுந்த மாதிரிதான்.

இரட்டைத் தேங்காய் மரத்த தவற விடாதீங்க. சீஷெல்ஸ்ல ரெண்டு தீவுல மட்டும் இயற்கையா வளர்ற மரம், உலகத்துலயே பெரிய விதை இதோடதுதான், ஒரு கொட்டை 18 கிலோவுக்கு மேலயும் வரும், காய் முத்துறதுக்கே ஆறேழு வருஷம் ஆகும். ஆண் மரம் வேற பெண் மரம் வேற. மேல தொங்குற காய பாக்குறப்ப அழகா இருக்கு, ஆனா அதுக்கு நேர் கீழ நிக்க மனசு வரல.

ஆத்தங்கரைப் பக்கம் போனா மூங்கில். இது நம்ம ஊர்ல கூடை முடையிற மூங்கில் இல்ல, பர்மாவுல இருந்து வந்த ராட்சச மூங்கில், உலகத்துலயே பெரிய மூங்கில் வகைகள்ல ஒண்ணு, மழைக்காலத்துல குருத்து ஒரு நாளைக்கு ஒரு அடி கூட ஏறும்னு சொல்றாங்க. ஒரு கழிய ரெண்டு கையாலயும் சுத்திப் புடிச்சா விரல் முட்டாது. காத்து அடிச்சா ஒண்ணோட ஒண்ணு உரசி பழைய கதவு திறக்குற மாதிரி ஒரு சத்தம் வரும். ஆனா பாவம், கைக்கு எட்டுற உயரத்துல ஒரு கழி கூட மிச்சம் இல்ல, எல்லாத்துலயும் பேரு செதுக்கி நடுவுல ஹார்ட் போட்டு வச்சிருக்காங்க, மூணு மொழியிலயும். அந்த ஒரு விஷயத்துல மட்டும் நாட்டுல நல்லிணக்கம் வந்துடுச்சு போல.

மேல அண்ணாந்து பாத்தா கறுப்பு கறுப்பா பை தொங்குற மாதிரி இருக்கும், அது பழந்தின்னி வௌவால். ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல. பகல்லயும் சும்மா தூங்காது, கீச்சு கீச்சுன்னு சண்டை, இறக்கைய விசிறிக்கிட்டு இடம் மாறுறது, திடீர்னு ஒரு கூட்டம் மொத்தமா கிளம்பி ஆத்துக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு வந்து தொங்கும். அதுங்க தொங்குற மரத்துல உச்சியில இலையே இருக்காது, பாவம் மரம் மொட்டையா நிக்கும். வாசம் கொஞ்சம் அடிக்கும், தொப்பி போட்டுக்குங்க, காரணம் சொல்லத் தேவையில்லன்னு நினைக்கிறேன்.

நடுவுல பெரிய புல்வெளி. அதுல நிக்கிற ஜாவா அத்தி மரம்தான் எல்லா போட்டோவுலயும் வர்றது, கிளையெல்லாம் மேல போகாம பக்கவாட்டுல தரையோட தரையா நீண்டு, தூரத்துல இருந்து பாத்தா மரமா மண்டபமான்னு சந்தேகம் வரும். வேரு கூட தரைக்கு மேல பாம்பு பாம்பா புடைச்சு ஓடும். எங்க அம்மா தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவங்க, அவங்கள கூட்டிட்டு போனப்ப மரத்த ஒரு தடவ பாத்துட்டு புல்வெளிய சுத்தி ஒரு பார்வை பாத்தாங்க, "ஏன்டா தம்பி, இம்புட்டு புல்லையும் வெட்ட ஒரு நாளைக்கு எத்தன பேரு போடுவாங்க?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல.

அரச குடும்ப சமாச்சாரத்துக்கு மறுபடி வர்றேன், ஏன்னா நினைவு மரங்க வரிசைய நிறைய பேரு பாக்காமலே போயிடுறாங்க. வெளிநாட்டு ராஜா, இளவரசர், தலைவர்னு வந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு மரம் நட்டுட்டுப் போயிருக்காங்க, பக்கத்துல பேரும் வருஷமும் போட்ட பலகை இருக்கும். 1875ல வேல்ஸ் இளவரசரா வந்த ஏழாம் எட்வர்ட் நட்டது ஒரு அரசமரம். 1891ல ரஷ்யாவோட கடைசி ஜார் நிக்கலஸ் இளவரசரா இருந்தப்ப வந்து நாக மரம் நட்டாரு, சிங்களத்துல நா, இப்ப இலங்கையோட தேசிய மரம் அதுதான். அந்த ரஷ்ய ராஜ்ஜியமே காணாமப் போச்சு, 1961ல அதே நாட்டுல இருந்து யூரி ககாரின் வந்து அவரும் ஒரு மரம் நட்டுட்டுப் போனாரு. ஜார் நட்டதும் விண்வெளிக்கு போனவரு நட்டதும் ஒரே பூங்காவுல நிக்கிறத வேற எங்க போய் பாப்பீங்க.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஐந்தாம் ஜோர்ஜும் ராணி மேரியும் 1901ல நட்ட நாகலிங்க மரம், அப்ப அவங்க ராஜா ராணி ஆகல. நம்ம ஆளுங்களுக்கு நாகலிங்கம்னா கோயில் மரம், சிங்கள ஆளுங்களுக்கு சல் மரம், அவங்களுக்கும் புனிதம்தான், ஆனா மரம் வந்தது என்னவோ தென் அமெரிக்காவுல இருந்து! பூ கிளையில வராது, அடிமரத்துலயே கொத்து கொத்தா குச்சி விட்டு அதுல பூக்கும். ஒரு பூவ கிட்டப் போய் பாருங்க, தடிச்ச இதழ், உள் பக்கம் ரோஸ் சிவப்பு வெளிப்பக்கம் மஞ்சள் கலந்து, நடுவுல சின்னதா குமிழ், அது மேல மகரந்தமெல்லாம் ஒண்ணா சேந்து படம் எடுத்த மாதிரி வளைஞ்சு மூடியிருக்கும். வாசனை அபாரம். அதே மரத்துல பக்கத்துலயே பழுப்பு நிறத்துல பீரங்கிக் குண்டு சைஸ்ல காய் தொங்கும், அது விழுந்து உடைஞ்சா நாத்தம் தாங்காது, மூக்க மூடிக்கிட்டு ஓட வேண்டியதுதான்.

இன்னொன்னு, ரெண்டாம் உலகப்போர் நேரம் 1944ல மவுண்ட்பேட்டன் தன்னோட தென்கிழக்காசிய படைத் தலைமையகத்த டெல்லியில இருந்து இங்க மாத்தி இந்த பூங்காவுக்குள்ளயே வச்சிருந்தாரு. பர்மா சண்டைக்கான திட்டமெல்லாம் இந்த மரத்துக்கு கீழ போட்டாங்கன்னு நினைச்சா சிரிப்பா இருக்கு, அவ்ளோ அமைதியான இடம்.

தொங்கு பாலம் ஒண்ணு ஆத்துக்கு மேல இருக்கு, ஆடும், ஒரு நேரத்துல கொஞ்சப் பேரத்தான் விடுவாங்க, சில நேரம் மூடியும் இருக்கும். இலங்கை வரைபடம் மாதிரி வெட்டின குளம் ஒண்ணு இருக்கு, தரையில நின்னு பாத்தா வரைபடம் தெரியாது, சும்மா குளம்தான் தெரியும், புள்ளைங்ககிட்ட முன்கூட்டியே பில்டப் குடுத்துடாதீங்க.

குறைன்னு சொன்னா முதல்ல நடை. 147 ஏக்கர்ங்கிறது பேப்பர்ல சின்ன நம்பர், மத்தியான வெயில்ல வயசானவங்கள கூட்டிட்டு நடந்தா தெரியும். உள்ள பேட்டரி வண்டி காசுக்கு கிடைக்குது, முழங்கால் வலி உள்ளவங்க அதுல ஒரு சுத்து சுத்திட்டு புடிச்ச இடத்துல மட்டும் திரும்ப போய் நடக்கலாம். டிக்கெட், வெளிநாட்டு பாஸ்போர்ட்னா உள்ளூர் விலைய விட பல மடங்கு, இந்தியாவுல இருந்து வர்ற சொந்தக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கவுண்டர்ல நின்னு முகம் சுளிக்க வேணாம், ஆனா மரத்துல ஆர்வம் இருந்தா அந்த காசு குடுக்கலாம், இல்லாட்டி யோசிங்க. பலகைங்கள்ல லத்தீன் பேரு பெருசா இருக்கு, மரம் எங்கருந்து வந்துச்சு எதுக்கு நட்டாங்கங்கிற கதை கம்மி, எனக்கு அதுதான் பெரிய மனக்குறை. கதை தெரியாம போனா இது பெரிய பார்க், அவ்ளோதான். போறதுக்கு முன்னாடி கொஞ்சம் வாசிச்சுட்டு போங்க.

குரங்கு இருக்கு. சாப்பாட்டுப் பொதிய பெஞ்சுல வச்சுட்டு போட்டோ எடுக்க போனீங்கன்னா திரும்பி வர்றப்ப சோறு இருக்காது, பேப்பர் மட்டும் இருக்கும். பையோட ஜிப்ப கூட திறக்கத் தெரிஞ்ச ஆளுங்க அதுங்க.

போற நேரம்னா ஜனவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள நல்லது, மழை கம்மி, பூவும் அப்பதான் அதிகம். மத்த மாசம் போனா குடை கட்டாயம், மத்தியானத்துக்கு மேல கண்டி மழை சொல்லாம வரும். காலையில 7.30க்கு கேட் திறக்கும், அந்த நேரத்துக்கே போயிடுங்க, டூர் பஸ்ஸெல்லாம் வர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் பூங்கா உங்களுக்கே உங்களுக்குன்னு கிடைக்கும். போயா (பௌர்ணமி) லீவு, சித்திரைப் புதுவருஷ லீவுல போகவே போகாதீங்க, மரத்துக்கு பதிலா தலையத்தான் எண்ணுவீங்க. தலதா மாளிகையையும் இதையும் ஒரே நாள்ல போடுறதா இருந்தா காலையில பூங்கா, சாயந்தரம் மாளிகை பூஜைன்னு வச்சுக்குங்க, மாத்தி வச்சா ரெண்டும் கெடும்.

என் மார்க் 5க்கு 4.5. அந்த அரை மார்க் பலகைக்காக குறைச்சது.